படி ஏற ஏற வெளுக்கும் பொம்மைகள்

நவராத்திரி வந்தால் வீடுதோறும் கொலுப்படி கட்டுகிறார்கள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையிலே படிகள், படிதோறும் பொம்மைகள். பக்தர் கைகூப்பி நிற்கட்டும். சுண்டலுக்காகச் சிறுவர் காத்து நிற்கட்டும்; அவர்கள் நிற்பதிலாவது பொருளுண்டு! நாம் வேறொரு நோக்கோடு செல்வோம். பொம்மையைப் பொம்மையாகவே, உழைப்பாளி ஒருவனின் கைத்திறனாகவே காண்போம். சாண் உயர மண்ணுருவத்துக்கு மேனி பூசுவது எப்படி, கூந்தல் தீட்டுவது எப்படி, கண் எழுதுவது எப்படி என்று ஆராய்வோம். ஆராய்ந்தால் வியப்பும் பிறக்கும், வேதனையும் பிறக்கும்.

வியப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையை அடுத்த விளாச்சேரியும், பண்ருட்டியும், காஞ்சிபுரமும் பொம்மைக்குப் பெயர் பெற்ற ஊர்கள். குளத்து மண்ணைப் பிசைந்து, அச்சிலே அழுத்தி எடுத்து, நிழலிலே உலர்த்தி, சூளையிலே சுட்டு, வெள்ளைப் பூச்சு ஏற்றிய பிறகுதான் வண்ணக் கிண்ணம் திறக்கப்படுகிறது. முதலில் மேனி. அடுத்து கூந்தல், ஆடை, அணி. பெரும்பாலும் கடைசியாகத்தான் கண்.

அந்தக் கண்ணை எழுதும் கையைப் பார்க்கவேண்டும்! முகமே கட்டைவிரல் அளவு; அதிலே கண் ஒரு நெல்லளவு. விழியின் வெண்மையை வெறும் வெள்ளையாக அப்பினால் பொம்மை விழிக்கும், பார்க்காது. ஆகவே தந்தம்போல் சற்றே மங்கிய வெள்ளை. கருவிழியின் மேல்விளிம்பு இமைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். வட்டம் முழுவதும் வெளியே தெரிந்தால், அழகி பேயைக் கண்டவள்போல் மிரளுவாள். இரு விழிகளும் ஒரே திசையை நோக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் மாறுகண். எல்லாம் முடிந்தபின் ஊசிமுனையளவு ஒரு வெண்புள்ளி. அது விழுந்த நொடியில், அதுவரை மண்ணாயிருந்தது நம்மைப் பார்க்கத் தொடங்குகிறது.

கோயில் சிலைக்கு இதே வேலையைச் செய்யும்போது அதற்கு நயனோன்மீலனம் என்று வாயில் நுழையாத வடமொழிப் பெயர் சூட்டுகிறார்கள், பொன்னூசி கேட்கிறார்கள், நாளும் கோளும் பார்க்கிறார்கள், தெய்வம் உள்ளே புகுந்துவிட்டது என்கிறார்கள். தோழர்களே, புகுந்தது தெய்வமா? ஈரமான விழியிலே வெளிச்சம் பட்டால் ஒரு புள்ளி மின்னும் என்பதைக் கண்டறிந்த மனிதனின் அறிவல்லவா புகுந்தது! மேனாட்டிலே போர்வீரர் பொம்மைகளுக்குப் பொழுதுபோக்காக வண்ணம் தீட்டுவோர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கண்ணை முதலிலேயே எழுதிவிடுவர். கோடு பிசகினால், சுற்றியுள்ள மேனி வண்ணத்தைக்கொண்டு மூடிச் சரிசெய்துகொள்ளலாம் என்பதற்காக. கண்ணைக் கடைசியிலே எழுதினால்தான் உயிர் வரும் என்ற விதி உண்மையானால், அந்த வீரர்கள் எல்லாம் குருடராயிருக்க வேண்டும். இல்லையே!

கூந்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. நம் பொம்மைகளில் அது பெரும்பாலும் ஒரே கருப்பு. தலையிலே தார் கவிழ்த்ததுபோல. கருங்கூந்தலிலும் ஒளி விழும் இடம் உண்டு, நிழல் தங்கும் இடம் உண்டு. அடர்பழுப்போடு நீலத்தைக் குழைத்து அடித்தளம் இட்டு, இழை புடைத்த இடங்களிலே மட்டும் நீலச்சாம்பலை உலர்ந்த தூரிகையால் தொட்டுவிட்டால் பின்னல் புரளும். அவசரத்தில் விடுபடுவது இது. குற்றம் என்று கூறமாட்டேன்.

குற்றம் மேனியிலே இருக்கிறது.

கொலுப்படியைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழ்ப்படிகளிலே காய்கறி விற்பவள், குறவன் குறத்தி, ஏர் பூட்டிய உழவன். மேனி பழுப்பு, கரும்பழுப்பு. சற்று மேலே மகான்கள், முனிவர்கள். நிறம் கோதுமையாகிறது. உச்சிப்படியில் இலக்குமியும் கலைமகளும். ரோசாவும் பாலும் கலந்த நிறம்! மகிடாசுரன் எங்கே? தேவியின் காலடியிலே, பெரும்பாலும் கருத்த மேனியோடு, உருட்டிய விழியோடு. உயிர்கள் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு ஏறுவதைப் படிகள் காட்டுகின்றன என்று தத்துவம் பேசுகிறார்கள். படி ஏற ஏறத் தோல் வெளுக்கிறதே, அது எந்தத் தத்துவம்? எல்லாப் பொம்மையும் ஒரே குளத்து மண். மண்ணுக்கு இல்லாத வருணத்தை வண்ணம் அல்லவா கொண்டுவந்து ஒட்டுகிறது!

"நீலக் கண்ணன் இல்லையா? பச்சை மீனாட்சி இல்லையா?" என்று மடக்கப் பார்ப்பர். நல்ல கேள்வி. கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே பொருள் கரியவன். கருப்பு என்று பெயரை வைத்துக்கொண்டு, மனித உடம்பிலே எங்கும் காணாத நீலத்தை எதற்காகப் பூசுகிறார்கள்? கருமையை ஒப்புக்கொள்ள மனமில்லை, மறைக்கவோ வழியில்லை. இடையிலே கண்டுபிடித்த சமாதானம் நீலம். தஞ்சாவூர்ப் படங்கள் பலவற்றில் அந்தச் சமாதானமும் இல்லை. வெண்ணெய் தின்னும் கண்ணனை வெண்ணெய் நிறத்திலேயே எழுதிவிட்டார்கள்! துரோபதைக்கும் கிருஷ்ணை என்றே பெயர். பாரதம் அவளைக் கரியவள் என்கிறது. காலண்டர்ப் படத்திலே, திரையிலே, பொம்மையிலே அவள் செக்கச்செவேல் என்று வந்து நிற்கிறாள். பாரதத்தை ஓதுவோர் ஒருவருக்கும் இது உறுத்தவில்லை.

இந்த ரோசா மேனி பரவிய வழியும் நாம் அறிந்ததே. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, இலக்குமியையும் கலைமகளையும் வண்ணப் படங்களாக அச்சிட்டு வெளியிட்டார். கோயிலுக்குள் நுழைய முடியாதவர் வீட்டுச் சுவரிலும் கடவுள் படம் தொங்கியது. அது ஒரு வகையில் மாறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் மேனியே பிறகு வந்த காலண்டருக்கும் பொம்மைக்கும் மாதிரியாகிவிட்டது.

தமிழனுக்கு இது பழைய சுவையா? சங்கப் பாடல்களைத் திறந்து பாருங்கள். தலைவியின் அழகுக்கு அங்கே பெயர் மாமை. மாந்தளிரை ஒத்த மாநிறம். தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டு, மேனி வெளிறிப் பசலை பூக்கும். வெளிறுதல் அங்கே துயரின் குறி. நம் உச்சிப்படியில் கொலுவிருப்பது எதுவென்று இலக்கியம் கற்றோர் சொல்லட்டும். பசலையைக் குழைத்துப் பூசிவிட்டு அழகு என்கிறார்கள்!

நம் நாட்டு நோய் மட்டும் அன்று இது. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் சிறுவர் தீட்டுகோல்களில் ஒரு வெளிர்நிறத்துக்குச் 'சதை' என்ற பொருளில் 'ஃப்ளெஷ்' என்றே பெயர் வைத்திருந்தது. நீக்ரோ மக்களின் உரிமைப் போர் என்று அந்நாளில் ஏடுகள் எழுதிய கிளர்ச்சி வளர்ந்த காலத்தில், 1962-இல், அதைப் 'பீச்' என்று பழத்தின் பெயருக்கு மாற்றினார்கள். 2020-இல் மனித மேனிக்கென்றே 24 நிறங்கள் கொண்ட பெட்டியை வெளியிட்டார்கள். ஆனால் சிற்றுருவங்களுக்கான வண்ணங்களில் ஹம்ப்ரால் 61-க்கும், டாமியா எக்ஸ்எஃப்-15-க்கும் சதை என்ற பெயரே நிலைத்தது. குப்பிக்குள் இருப்பது வெளிர்நிறம். அப்படியானால் நம் உடம்பில் இருப்பது என்ன, மரப்பட்டையா?

"விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்பாரும் உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கருப்பின அறிஞர் இணையர், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள 253 கருப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டினர். உருவம் ஒன்றே, மேனியும் கூந்தலும் மட்டுமே வேறு. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்று காட்டின. "உன்னைப் போன்றது எது?" என்று அடுத்துக் கேட்டபோது சில குழந்தைகள் அழுதன, சில எழுந்து ஓடின. பள்ளிகளிலே நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் சான்றாக நின்றது. கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுக் கரிய பெண்குழந்தையிடம் இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்? 1975-இல் வந்த சிவப்பழகுக் களிம்பு, 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றும் கடையில் இருப்பது சும்மா இல்லை.

கருத்த மேனியைத் தீட்டினால் உருவம் எடுபடாது என்று கலைக்காரணம் காட்டுவோருக்கும் ஒரு சொல். எடுபடாமல் போவது, கருமையை ஒரே பூச்சாகப் பூசுகிறபோது. அல்லது ஒளி காட்ட வெள்ளையைக் கலக்கிறபோது. வெள்ளை கலந்த கருமேனி சாம்பல் பூத்துப் பிணமாகும். காவியும் அடர்பழுப்பும் துளி நீலமும் சேர்த்து நிழல் இடுங்கள். அதே காவியோடு மஞ்சளைக் கூட்டி மேட்டை எழுப்புங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகியவற்றில் மட்டும் மெல்லிய மினுக்கு வையுங்கள். வெளிர்மேனியைவிட ஒளி இதிலேதான் அழகாக நிற்கும். எண்ணெய் தேய்த்த தோளைப் பார்த்தவருக்கு இது தெரியும்.

பொம்மை செய்பவருக்கு இது தெரியாமல் இல்லை. செவேல் என்று இல்லாவிட்டால் அம்மன் விலைபோகாது என்பது வாங்குவோர் போட்ட விதி. அவர் வயிற்றுக்கு அதன்படி பூசுகிறார். விளாச்சேரியில் கொலு முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பொம்மைகள் செய்கிறார்கள். குழந்தையைக் காண வந்த மூன்று அரசருள் ஒருவரைக் கரியவராகத் தீட்டுவது, 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் பரப்பிய வழக்கம். முடியும், பட்டாடையும், கையிலே காணிக்கையும், கரிய முகத்திலே நேரே பார்க்கும் கண்ணுமாக நிற்கும் அரசர் அவர். அவருக்குக் குழைத்த பழுப்பு அந்தப் பட்டறைகளில் இருக்கிறது.