நகரும் கட்டைகள்

மலேசியாவின் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டக் கோயில்களில் பஜனைக்கு வரும் ஆர்மோனியம் ஸ்கேல் சேஞ்சர் வகையாக இருந்தால், பாட்டு தொடங்கும் முன்பே ஒரு வித்தையைப் பார்த்துவிடலாம். வாசிப்பவர் கட்டைவரிசை முழுவதையும் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துகிறார். ‘டக்’கென்று அது அடுத்த பள்ளத்தில் உட்காருகிறது. உள்ளே ரீடுகள் அசைவதில்லை. விரலுக்குப் பழகிய அதே இடத்தில்தான் ‘ச’, ஆனால் சுருதி மட்டும் ஏறிவிட்டது. ஒன்றரைக் கட்டையில் பாடும் பெரியவருக்குப் பிறகு ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் குரலெடுத்தாலும், கை புதிய கணக்குப் போட வேண்டியதில்லை.

1882இல் ஹங்கேரியப் பியானோ கலைஞர் பால் வான் யாங்கோ பியானோ கட்டைகளைப் படிப்படியான வரிசைகளாக அடுக்கியதிலும் இதே வசதி உண்டு. அவர் விசைகளின் அமைப்பையே மாற்றினார். இங்கே வழக்கமான வரிசையே நகர்ந்து கொடுக்கிறது.

இந்த எளிமைதான் அழகு. இடக்கை துருத்தியைச் சீராக இயக்க, வலக்கை விரல்கள் தேய்ந்து வழவழப்பான கட்டைகளில் வழுக்கிச் செல்ல, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் காற்று தளராமல் நாதம் நிற்கிறது. அதற்குப் பல வருடப் பொறுமை வேண்டும். அடுத்த பஜனையில் ஆர்மோனியத்தின் அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.