சிவகாமியின் திருமாங்கல்யம்

மாமல்லபுரம் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யோடு அமர்ந்திருந்தபோதுதான் 'சிவகாமியின் சபதம்' தன் மனத்தில் உதித்தது என்று கல்கி எழுதியிருக்கிறார். 1944 முதல் 1946 வரை அது 'கல்கி' இதழில் தொடராக வந்தது. மகேந்திர பல்லவர், மாமல்லர், புலிகேசி எல்லோரும் வரலாற்று மனிதர்கள். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியோ கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டும் குறுக்கே நிற்காத ஒரு பெண்ணை எப்படி வேண்டுமானாலும் வாழவைத்திருக்கலாம். அந்த உரிமையை அவர் பயன்படுத்திய விதத்தில் எனக்குப் பெரும் வியப்பும் உண்டு, ஆறாத வருத்தமும் உண்டு.

வியப்பு வாதாபிப் பகுதியில். புலிகேசியின் தலைநகரான அங்கே சிறைப்பட்டுப் போன சிவகாமி, பகைவரின் நாற்சந்திகளில் ஆடுகிறாள். ஆட மறுத்தால் பிடிபட்ட தமிழ் மக்களின் முதுகில் சாட்டை விழும். அதுவரை அழகாக மட்டுமே தெரிந்த ஆட்டம், அங்கே பிறர் உயிருக்கு அவள் கட்டும் ஈடாகிவிடுகிறது. பிறகு மாமல்லர் ரகசியமாக மீட்க வருகிறார். அவள் கிளம்பவில்லை. வாதாபி எரிந்த பிறகே வருவேன் என்கிறாள். காதலனே வந்து அழைத்தும் 'வர மாட்டேன்' என்று சொல்லும் நாயகியை அன்றைய வாசகர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நடனப் பெண்ணின் மானம் ஒரு பேரரசின் போருக்குக் காரணமாகிறது.

ஆனால் சொல்தான் அவளுடையது; செயல் முழுவதும் ஆண்களுடையது. ஒன்பது ஆண்டு காத்திருந்து திரும்புகிறவள், மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு மணமாகிக் குழந்தைகளும் பிறந்திருப்பதைக் காஞ்சியில் காண்கிறாள். அவள் பிடிவாதத்துக்குக் கிடைத்த தண்டனை போலவே கதை இதைச் சொல்லிச் செல்கிறது. தந்தை அவள் அபிநயங்களைக் கல்லில் வடிக்கிறார். மகேந்திரர் அவளை மகனிடமிருந்து விலக்கப் பார்க்கிறார். நாகநந்தி பிக்ஷு அவள்மேல் பித்தாகிறார். அவளைப் பார்ப்பவர்களின் பரவசம் பக்கம் பக்கமாக வருகிறது. ஆடுகிறவளுக்குள் அந்த ஆட்டம் என்னவாக இருந்தது என்பது அரிதாகவே வருகிறது.

என்னை மிகவும் உறுத்துவது முடிவு. ஏகாம்பரநாதரையே பதியாக வரித்து, சிவகாமி கோயிலில் திருமாங்கல்யம் அணிந்து ஆடுகிறாள். மாமல்லர் கண்ணீரோடு வெளியேறுகிறார். கண் கலங்காமல் படிக்க முடியாத இடம் அது. ஆனால் அந்தச் சடங்குக்கு ஊரில் வழங்கிய பெயர் பொட்டுக்கட்டு. அதை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1920களின் பிற்பகுதியிலேயே சென்னை சட்டமன்றத்தில் போராடத் தொடங்கியிருந்தார். தொடர் முடிந்த மறு ஆண்டு, 1947இல், சட்டம் அதைத் தடை செய்தது. சிவகாமி தானே விரும்பி அணிந்தாள் என்று வாதிடலாம். மற்ற வழிகளையெல்லாம் கதை அடைத்துவிட்ட பிறகு மிஞ்சிய ஒன்றை விருப்பம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பொட்டுக்கட்டும் தேவதாசிச் சமூகத்திலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை 1936இலேயே எழுதிவிட்டார். கல்கியின் நடையழகு அதில் இல்லை. பிரசார வேகமும் கூடுதல். ஆனால் பொட்டுக்கட்டில் அவர் புனிதத்தைக் காணவில்லை.

கல்கிக்கு வேறு வழி தெரியாமலும் இல்லை. தஞ்சை இசைமரபில் வந்த பாலசரஸ்வதி 1930களிலேயே சென்னை மியூசிக் அகாடமி மேடையில் ஆடியிருந்தார். அரண்மனையும் கருவறையும் அல்லாத மூன்றாவது இடம் ஒன்று, ஆடும் பெண்ணுக்கு, கல்கி வாழ்ந்த ஊரிலேயே திறந்திருந்தது. சிவகாமியை அவர் அங்கே அழைத்துப் போகவில்லை.