கோஜிராவின் எடையும் மாரியோவின் துள்ளலும்

ஜப்பானிய ராட்சதப் பிராணிப் படங்களைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் இயற்பியல் ஆசிரியனான என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், இவ்வளவு பெரிய மிருகம் உண்மையில் எழுந்து நிற்க முடியுமா?"

முடியாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1954-ல் வெளிவந்த முதல் 'கோஜிரா' படத்தில் பிராணியின் உயரம் 50 மீட்டர். மனிதனைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. மனிதனையே அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் எலும்பின் குறுக்குப் பரப்பு 900 மடங்காகும். ஆனால் கனஅளவும், அதனால் எடையும், 27,000 மடங்காகிவிடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் முன்னைவிட 30 மடங்கு பாரத்தைத் தாங்கியாகவேண்டும். முதல் அடியிலேயே கால் முறிந்துவிடும். கலிலியோ 1638-ல் வெளியான தம் நூலிலேயே இதை விளக்கியிருக்கிறார்.

இந்தக் கணக்கைப் போட்டதோடு விமர்சனம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதைக்காகத் தெரிந்தே செய்யப்படும் பிழை வேறு. அலட்சியத்தால் நேரும் பிழை வேறு. முதல் வகையை நான் மனமுவந்து மன்னித்துவிடுவேன்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டாவும் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயாவும் செய்ததைப் பாருங்கள். நடிகர் ஹாருவோ நகாஜிமா சுமார் 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடைக்குள் புகுந்துகொண்டு, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட பொம்மை டோக்கியோவை மிதித்து நொறுக்கினார். 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ 3.2 விநாடி ஆகும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.64 விநாடிதான். விகிதம் சரியாக ஐந்து, அதாவது 25-ன் வர்க்கமூலம். ஆகவே பொம்மைக் கட்டடம் உண்மைக் கட்டடம்போல் இடிந்து விழவேண்டுமானால், விநாடிக்கு 24 சட்டங்களுக்குப் பதிலாக 120 சட்டங்கள் எடுத்து, அதை வழக்கமான வேகத்தில் ஓட்டிக் காட்டவேண்டும். சுபுராயாவும் காமிராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்து இயக்கத்தை மெதுவாக்கினார். உடையின் பாரத்தால் நடிகராலும் வேகமாக அசைய முடியவில்லை. திரையில் நாம் உணரும் எடை இந்த மந்தகதியிலிருந்துதான் வருகிறது. உருவம் பொய், அது அசையும் காலம் மட்டும் மெய்.

ஓரிடத்தில் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது: தண்ணீர். துளியின் அளவைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை. பொம்மைக் கடலுக்காக அது தன்னைச் சுருக்கிக்கொள்ளாது. கோஜிரா எழும்போது சிதறும் துளிகள் அதன் தலைக்குப் பக்கத்தில் பூசணிக்காய் அளவில் தெரிகின்றன. தொட்டித் தண்ணீர் என்பதைக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும்.

பிற்காலப் படங்களில் அந்த மந்தகதி போய்விட்டது. 1973-ல் வந்த மெகாலோன் படத்தில் கோஜிரா வாலின்மேல் சறுக்கிக்கொண்டே வந்து எதிரியை இரு கால்களாலும் உதைக்கிறது. சிறுவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் அங்கே 50 மீட்டர் பிராணி இல்லை, உடை மாட்டிய ஒரு மனிதர்தான் இருக்கிறார்.

'அப்படியானால் மாரியோவை மட்டும் ஏன் ரசிக்கிறீர்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நின்டெண்டோ நிறுவனத்தில் ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கி 1985-ல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வீடியோ விளையாட்டில், அந்தக் குள்ள மீசைக்காரர் நின்ற இடத்திலிருந்தே தம் உயரத்தைப்போல் நான்கு மடங்கு எழும்புகிறார். பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால் மேலே போக அரை விநாடி. கீழே வர அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான். நியூட்டனின் உலகில் இரண்டும் சமமாக இருக்கவேண்டும். விளையாட்டில் இறங்கும்போது ஈர்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. போதாக்குறைக்கு, பற்றிக்கொள்ள எதுவுமற்ற ஆகாயத்தில் அவர் திசையும் மாற்றிக்கொள்கிறார்!

ஆனால் இந்த விதி ஆட்டத்தின் நடுவில் தன்னிஷ்டத்துக்கு மாறுவதில்லை. எத்தனை முறை ஆடினாலும் அதே அழுத்தத்துக்கு அதே துள்ளல். ஆடும் பிள்ளை பத்து முறை பள்ளத்தில் விழுந்து, பதினோராவது முறை தாண்டுகிறான். பரிசோதனைக்கூடத்தில் தனி ஊசலை ஆட்டிப் பார்க்கும் மாணவனும் இதைத்தான் செய்கிறான். நம் புவியீர்ப்பு அல்ல. ஆயினும் ஒழுங்கான புவியீர்ப்பு.

மன்னிக்க முடியாத பிழைகள் முதல் படத்திலேயே இருக்கின்றன. டாக்டர் யமானே என்ற தொல்லுயிர் அறிஞர் ஜுராசிக் காலத்தை இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது என்கிறார். அது தொடங்கியது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, முடிந்தது 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கோஜிராவின் காலடித் தடத்தில் கிடைத்த ட்ரைலோபைட்டை அவர் சான்றாகக் காட்டுகிறார். அந்த இனமோ ஜுராசிக் காலம் பிறக்கும் முன்பே, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அழிந்துவிட்டது. ராட்சதன் பொய் சொல்லலாம். கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தும் விஞ்ஞானி சொல்லக்கூடாது. இதைத் திருத்த ஒரு காசு செலவாகியிருக்காது.

மருத்துவமனைக் காட்சியைப் பற்றி எனக்கு இரு மனம். ஒரு குழந்தையின் அருகில் கெய்கர் கருவியைப் பிடித்துப் பார்க்கும் மருத்துவர் தலையசைத்துக் கைவிடுகிறார். கருவி அங்கே காட்டுவது உடலில் ஒட்டியிருக்கும் கதிரியக்கப் பொருளை; குழந்தை ஏற்கெனவே வாங்கிக்கொண்ட கதிர்வீச்சின் அளவை அல்ல. ஒட்டியதைக் கழுவலாம், வாங்கியதைக் கழுவ முடியாது. படம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் அன்றைய ஜப்பானியப் பார்வையாளர்கள் ஏன் அதைப் பிழையாகக் கருதவில்லை என்பதும் விளங்குகிறது.

1954 மார்ச் 1 அன்று பிகினி பவழத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஏறத்தாழ 6 மெகாடன் என்று எதிர்பார்த்தார்கள்; வெடித்தது 15 மெகாடன். எரிபொருளில் லித்தியம்-6 மட்டுமே வினையில் ஈடுபடும், லித்தியம்-7 சும்மா இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதிவேக நியூட்ரான்கள் தாக்கியதும் அந்த லித்தியம்-7-ம் பிளந்து டிரிடியத்தைத் தந்தது. சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால், அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் ஃபுகுர்யு மாரு' படகின்மேல் வெண்சாம்பல் பொழிந்தது. ரோங்கலாப் தீவு மக்கள்மேலும் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ல் இறந்தார். நவம்பர் 3-ல் 'கோஜிரா' திரைக்கு வந்தது. அதன் முதல் காட்சியில் கடலில் ஒரு பேரொளி. ஒரு கப்பல் தீப்பற்றி எரிகிறது. 1956-ல் அமெரிக்காவுக்காகத் திருத்திய பதிப்பில் அணுகுண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். எலும்பு தாங்குமா என்று கேட்பவர்கள் இந்த வெட்டைப் பற்றியும் கொஞ்சம் கேட்கலாம்.

தகாஷி யமசாகி இயக்கிய 'கோஜிரா மைனஸ் ஒன்' 2023-ல் வந்தது. தந்திரக் காட்சிகளுக்காக 2024-ல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. இங்கே கடல் உண்மைக் கடலாகவே தெரிகிறது. சுபுராயாவுக்குக் கிட்டாத துளிகள் கணிப்பொறிக்குக் கிட்டிவிட்டன. கதையில் கோஜிராவைச் சுற்றி ஃப்ரியான் வாயுக் குமிழிகளை எழுப்பி, மிதப்பு விசையைக் குறைத்து, 1,500 மீட்டர் ஆழத்தில் அமிழ்த்தத் திட்டமிடுகிறார்கள். நுரைத்த நீரின் அடர்த்தி குறைவு, அதில் பொருள் மூழ்கும் என்பது சரியே. அந்த ஆழத்தில் அழுத்தம் சுமார் 150 வளிமண்டலம் என்பதும் சரி. ஆனால் அக்காலக் குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட ஃப்ரியான்-12 அறை வெப்பநிலையில் ஆறு வளிமண்டல அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். ஐம்பது மீட்டர் இறங்கினாலே குமிழிகள் காணாமற்போகும்! திட்டத்தை வகுத்த பொறியாளரோ, இது பலிக்கும் என்று உறுதி கூற முடியாது என்பதை ஊரார்முன் ஒப்புக்கொள்கிறார். பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது ஏற்பாட்டையும் கையில் வைத்திருக்கிறார். அதனால் ஃப்ரியானைப் பற்றிய என் ஆட்சேபணையை இரண்டாம் முறை பார்க்கும்போது நான் எழுப்பவில்லை.