ஓசோன் ஊசி: யார் வைத்த கணக்கு?

ஓசோன் சிகிச்சைக்காக வாதாடுபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: 1982-இல் ஜெர்மனியில் வெளியான யாக்கோப்ஸ் ஆய்வு. 3,84,775 நோயாளிகள், 55,79,238 சிகிச்சைகள், பக்கவிளைவு வெறும் 0.0007 சதவீதம். இதைவிடப் பத்திரமான வைத்தியம் உண்டா என்று கேட்கிறார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை சுமப்பவருக்கும், சின்னாளபட்டித் தறியில் உட்கார்ந்தே முதுகு போனவருக்கும் நம்பிக்கை ஊட்ட இப்படி ஓர் எண் போதும். அதனால் அந்த எண்ணைத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒத்துக்கொள்ளலாம். விலகிய டிஸ்க்கினுள் செலுத்தும் ஓசோன் வலியைக் குறைக்கிறது என்று 2010-இல் ஸ்டெப்பானும் சகாக்களும் சுமார் 8,000 நோயாளிகளின் தரவைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் டிஸ்க்கில் போடும் ஊசி வேறு, ரத்தத்தை எடுத்து ஓசோன் கலந்து திரும்ப ஏற்றுவது வேறு. முன்னதன் நற்பெயரில் பின்னது சர்க்கரைக்கும் சோர்வுக்கும்கூட விற்கப்படுகிறது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. விதி ஓசோனை மருத்துவப் பயன் அறியப்படாத நச்சு வாயு என்கிறது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என் ஆட்சேபம் ரத்தக்குழாயோடு நிற்கிறது.

ஓசோன் என்று ஏற்றப்படும் வாயுவில் 95 சதவீதமோ அதற்கு மேலோ ஆக்சிஜன்தான். அதை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் ஓசோன் நொடியில் வினைபுரிந்து தீர்ந்துவிடும். ஆக்சிஜன் குமிழிகள் நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இதய மேலறைகளுக்கு இடையே மூடாமல் நின்றுபோன சிறு துளை உண்டு. அதன் வழியே மூளைக்கும் ஏறலாம். 2010-இல் மாட்ரிட் பிரகடனத்தில் ஓசோன் மருத்துவர்களே இம்முறையை விலக்கச் சொன்னது இதனால்தான். குமிழி வேறு, ரத்தக்கட்டி வேறு என்பார்கள். சரி, ரத்தத்தை வெளியே எடுத்துக் கலக்கும் முறைக்கும் கட்டிக்குமே வருவோம். இத்தாலியின் சியனா பல்கலைக்கழகத்தில் வலாக்கியும் போச்சியும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், உறைவுத் தடுப்பு மருந்தான ஹெப்பரின் கலந்த தட்டணுக்கள் ஓசோன் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. ஹெப்பரினுக்குப் பதிலாகப் போச்சி சோடியம் சிட்ரேட்டைப் பரிந்துரைத்தார். அவர் ஓசோனுக்கு எதிரி அல்ல, அதற்காகவே நூல் எழுதி வாதாடியவர். ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்தைப் பொறுத்தே உறையும் ஆபத்து மாறுகிறதென்றால், தன் ரத்தப் பையில் எதைக் கலந்தார்கள் என்பது படுத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இனி அந்த 0.0007. யாக்கோப்ஸுக்குத் தகவல் தந்தவர்கள் அந்தச் சிகிச்சையைச் செய்துவந்தவர்களே. கடைக்காரரிடமே எடை சரியா என்று கேட்பது போன்றது இது. ரத்தக்கட்டி சிகிச்சை அறையிலேயே தலைகாட்ட வேண்டும் என்பதில்லை. நாட்கள் கழித்துக் கெண்டைக்கால் வீங்கும், மூச்சு வாங்கும். அப்போது அவர் ஓடுவது திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, ஊசி போட்டவரிடம் அல்ல. ஓசோன் ஏற்றிக்கொண்டீர்களா என்று அங்கே கேட்க யாருக்குத் தோன்றும்? ஓசோனால் காலில் கட்டி வருகிறது என்று நான் சொல்லவில்லை. வந்தாலும் கணக்கில் ஏறாது என்கிறேன்.

அலோபதியில் கட்டி வருவதில்லையா என்பது அடுத்த கேள்வி. வருகிறது: இடுப்பு மாற்று அறுவைக்குப் பின், கருத்தடை மாத்திரையால். வெளியாட்கள் எண்ணினார்கள், அதனால்தான் தடுப்பு மருந்தும் எச்சரிக்கைச் சீட்டும் வந்தன. இந்தியாவில் 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. அதன் படிவம் தயாரிப்பாளரையும் தொகுதி எண்ணையும் கேட்கும். ஓசோனைப் புட்டியில் அடைத்து வைக்க முடியாது. 20 டிகிரியில் சுமார் 40 நிமிடத்திலும் 30 டிகிரியில் அதைவிட வேகமாகவும் பாதியாகிவிடும். திண்டுக்கல் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அந்த இடத்திலேயே இயந்திரத்தில் உண்டாக்கும் வாயுவுக்கு ஏது தொகுதி எண்? ஓசோன் ஏற்றும் கிளினிக்குகள் எந்த வழியில், எவ்வளவு, எந்த உறைவுத் தடுப்பு மருந்தோடு என்று எழுதி நோயாளி கையில் கொடுக்கட்டும். பின்னொரு நாள் மூச்சுத் திணறலோடு போகும்போது காட்ட ஒரு சீட்டாவது இருக்கும். அப்படிப்பட்ட சீட்டுகளிலிருந்து ஒரு சதவீதம் வரட்டும், அதைப் பற்றிப் பேசலாம்.