பிறரினும் பிறிதாய்: ஒரு மௌனப்படமும் பெயரிடற் சிக்கலும்

மௌனப்படங்களில் தன்பாற்காதல் பற்றி ஆராய்வோர் முதற்கண் சுட்டுவது, 1919இல் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கிய ‘ஆண்டெர்ஸ் ஆல்ஸ் டி ஆண்டெர்ன்’ என்னும் ஜெர்மானியப் படமாகும். பாலியல் அறிஞர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் இதன் ஆக்கத்தில் பங்கேற்றதோடு, மருத்துவராகத் திரையிலும் தோன்றினார். ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை எதிர்ப்பதே படத்தின் நோக்கம்.

வயலின் கலைஞன் பால் கெர்னரும் மாணவன் கூர்ட் சீவெர்சும் ஒருவர்மீது ஒருவர் அன்பு கொள்கின்றனர். அதனை அறிந்த ஒருவன் பணம் பறிக்க முனைகிறான். வழக்கு நீதிமன்றம் செல்கிறது. கெர்னரும் தண்டனை பெறுகிறான். புகழிழந்து தற்கொலை செய்துகொள்கிறான்.

இங்கு நோக்கத்தக்கது சொல்லாட்சியாகும். சட்டம் ‘இயற்கைக்கு மாறான ஒழுக்கக்கேடு’ எனச் செயலைப் பெயரிட்டது. படமோ செயலைக் காட்டவில்லை. இசைப்பயிற்சியையும் பார்வையையும் பிரிவுத்துயரையும் காட்டுகிறது. எனவே இப்படத்தைத் தமிழில் அறிமுகப்படுத்துவோர் ‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதுவாராயின், செயலையே முன்னிறுத்தும் அச்சொல்லால் அறியாமலே சட்டத்தின் பக்கம் நின்றவராவர். ‘தன்பாலீர்ப்பு’ உணர்வைச் சுட்டுவதால் படத்தின் வாதத்திற்கு நெருங்கியது எனலாம்.

தலைப்பும் இவ்வாறே ஆராயத்தக்கது. ‘ஆண்டெர்ஸ்’, ‘ஆண்டெர்ன்’ இரண்டும் ஒரே அடிச்சொல்லிற் பிறந்தவை. வேறானவரும் மற்றவரும் ஒரு வேரினர் என்னும் குறிப்பு அதில் உண்டு. ஆங்கிலத் தலைப்பில் இவ்வுறவு மறைந்துவிடுகிறது. தமிழில் ‘பிற’ என்னும் அடி இதனைக் காக்க வல்லது: பிறர், பிறிது. ஆயின் ‘பிறிதானவன்’ என்றால் பாலும் எண்ணும் வந்து புகும். மூலமோ இரண்டையும் சுட்டவில்லை. ‘பிறரினும் பிறிதாய்’ என வினையடையாக நிறுத்தின், மூலத்தின் பொதுமை கெடாது.

படத்தின் வரலாறும் மொழிபெயர்ப்பின் வரலாறே. 1920இல் தணிக்கை பொதுத்திரையிடலைத் தடுத்து, மருத்துவர் முதலானோர்க்கு மட்டும் இசைவளித்தது. 1927இல் ஹிர்ஷ்ஃபெல்ட் இதனைச் சுருக்கி ‘கெஸெட்ஸெ டெர் லீபெ’ என்னும் படத்துள் சேர்த்தார். மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சிய பகுதி உக்ரேனிய மொழி இடைத்தலைப்புகளுடன் கிட்டியது. ஆகவே இன்று காணப்பெறும் ஜெர்மானிய இடைத்தலைப்புகள் மீட்டமைக்கப்பட்டவை. அவற்றின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இயக்குநரின் கருத்தை முடிவுகட்டுதல் பொருந்தாது. முகமும் கையும் கூறுவனவே உறுதியான சான்று.

குறை இல்லாமலில்லை. மருத்துவரின் நீண்ட விளக்கவுரை காதலை நோய்க்குறிப்புப் போல விரிக்கிறது; காதலர் பேச வேண்டிய இடத்தில் அறிஞர் பேசுகிறார். எனினும் அவ்வுரையின் சான்றாண்மை இன்றித் தணிக்கையை எதிர்கொள்ளுதல் அரிதாயிருந்திருக்கும். 175ஆம் பிரிவு 1994இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது என்பது இங்கு நினையத்தக்கது. சட்டம் மறைந்தபின்னும் அதன் சொல் வேற்றுமொழிகளில் வாழக்கூடும். அதனை விலக்குதல் மொழிபெயர்ப்பாளர் கடன்.