மின்னும் கேள்விக்குறி

1980களில் பிரிட்டனில் வளர்ந்த நிரலாளர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: வீட்டுக்கு ஒரு சின்னக் கணினி வந்தது, பேசிக் மொழி படித்தோம், ஆளானோம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏக்கம் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். குழந்தைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தர வேண்டும் என்பவர்கள் இன்றும் அந்தக் காலத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் நிற்பவர் சாதாரண ஆள் அல்ல, கணினி அறிவியல் முன்னோடி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பேசிக்கில் பழகிய மாணவருக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று 1975இலேயே எழுதிவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அன்றைய பேசிக்கில் ஒரு வேலையைத் தனியே பிரித்து அதற்குப் பெயர் வைக்க வழியில்லை. வரி எண்ணைச் சொல்லி ‘கோட்டூ’ என்று தாவ வேண்டும். நூறு வரி தாண்டினால் எழுதியவருக்கே தலைகால் புரியாது.

ஆனால் அவர் எடைபோட்டது மொழியை. பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்ததோ ஒரு முழு இயந்திரம். அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் கொண்டது.

1982இல் வந்த கொமடோர் 64க்கு ஒலியும் வண்ணமும் அபாரம். அதன் பேசிக்குக்கோ அவை எட்டவே இல்லை. திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க ‘போக் 53280, 0’ என்று நினைவக முகவரியையே அடிக்க வேண்டும். ஒரு கோடு வரையக்கூடக் கட்டளை கிடையாது. நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி உண்டு என்பதை இது புரியவைத்தது என்பார்கள். விடாமல் முட்டிமோதியவர்களுக்குப் புரிந்தது. மற்றவர்கள் எண்களை மனப்பாடம் செய்ததைக் கற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே ஆண்டு வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் மலிவு: 48 கிலோபைட் நினைவகத்துடன் 175 பவுண்டு. அதில் ஒரு வரியில் அடைப்புக்குறியை மூடாமல் என்டர் தட்டிப் பாருங்கள். வரியை ஏற்காது. எந்த இடத்தில் இடறுகிறதோ அங்கே ஒரு கேள்விக்குறி மின்னும். திருத்தினால்தான் வரி மேலே போய் நிரலில் உட்காரும். கொமடோர் அந்த வரியை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஓடவிட்ட பிறகே இந்த வரியில் பிழை என்று சொல்லும். பத்து வயதுக் குழந்தைக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல. பிழை என்பது திட்டு அல்ல, ஓர் இடம் என்று அந்தக் கேள்விக்குறி காட்டியது.

மொழி என்று பார்த்தால் 1981 டிசம்பரில் வந்த பிபிசி மைக்ரோவுக்குத்தான் முதலிடம். சோஃபி வில்சன் எழுதிய அதன் பேசிக்கில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர் சூட்டிப் பிரித்து எழுதலாம். டைக்ஸ்ட்ராவின் முக்கியக் குறைக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பின்னாளில் ஆர்ம் செயலியின் கட்டளைகளை வடிவமைத்தபோது வில்சன் அவற்றை ஓட்டிப் பார்த்ததும் இதே பேசிக்கில்தான். ஆனால் 32 கிலோபைட் மாதிரியின் தொடக்க விலையே 335 பவுண்டு. பள்ளிகளுக்குப் பாதிப் பணம் அரசு தந்தது; வீடுகளுக்கு யார் தருவார்கள்?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நாம் கேட்பதெல்லாம் நிரலாளராக ஆனவர்களின் கதை. விளையாட்டு கேசட்டோடு நின்றுபோனவர்கள் நினைவுக்குறிப்பு எழுதுவதில்லை. ஆகவே ‘அந்தக் கணினிகள் ஒரு தலைமுறையையே உருவாக்கின’ என்பது மிகை.

மிகையைக் கழித்த பிறகும் மிஞ்சுவது பெரியது. சுவிட்சைப் போட்டதும் நிரல் எழுதும் இடம் முன்னால் நின்றது. எதைக் குழப்பினாலும் அணைத்துப் போட்டால் சரியானது. 2012இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, பிபிசி மைக்ரோவின் ‘ஏ’, ‘பி’ என்ற மாதிரிப் பெயர்களைக்கூட எடுத்துக்கொண்டது. விலைச் சிக்கலைத் தீர்த்தது. அந்த முதல் நொடியை மட்டும் அதனால் திருப்பித் தர முடியவில்லை. முதலில் நினைவக அட்டையில் இயங்குதளம் ஏற்ற வேண்டியிருந்தது.

என் தீர்ப்பு இது: மொழியில் பிபிசி, பொறுமையில் ஸ்பெக்ட்ரம். பிள்ளைக்கு நிரலாக்கக் கருவி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு வரியைத் தப்பாக அடித்து, அது என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.