பிட்காயினின் ஒன்பது பக்கங்களும் காரைக்கால் வீட்டுக் கணிப்பொறியும்

சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரையே பிட்காயினின் மூலநூல். வங்கியின் துணையின்றி, ஒரே பணத்தை ஒருவர் இருமுறை செலவிடாமல் தடுப்பது எங்ஙனம்? இதுவே அக்கட்டுரை எழுப்பும் வினா. எல்லாக் கொடுக்கல் வாங்கலும் ஒரு பொதுப் பேரேட்டில் ஏறுகின்றன. அதன் படியை வைத்திருக்கும் கணிப்பொறிகள் ஒவ்வொரு பதிவையும் தாமே சரிபார்க்கின்றன. இத்தகைய கணிப்பொறியைக் ‘கணு’ எனலாம். கட்டுரையின் தெளிவு பாராட்டுக்குரியது. நிகழ்தகவு கற்ற மாணவர் அதன் இறுதிப் பகுதியையும் பின்தொடரலாம்.

ஆயினும், கணுவை நடத்துவோர் படும் பாட்டை அக்கட்டுரை அறவே பேசவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி. அதன் தலைப்பு 80 பைட்டு. 80 × 6 × 24 × 365 எனப் பெருக்கினால் ஆண்டுக்கு 4.2 மெகாபைட்டுதான் என்கிறார் ஆசிரியர். கணக்கு சரியே. ஆனால் அது தலைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். முழுப் பேரேடு இன்று 600 கிகாபைட்டைத் தாண்டிவிட்டது. பழைய தொகுதிகளைக் கழித்துவிடும் வசதி உண்டு. எனினும், ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

கணுக்கள் விரும்பியபோது விலகலாம், விரும்பியபோது திரும்பலாம் என்கிறது கட்டுரை. வலைக்கு இது உண்மை; வீட்டுக் கணிப்பொறிக்கு முழு உண்மையன்று. காரைக்காலை எண்ணிப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. காவிரிக் கழிமுகமெங்கும் மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் திடீரென நின்றால், நினைவகத்தில் இருந்து வட்டில் எழுதப்படாத கணக்குகள் அழியும். தரவுத்தளமே பழுதானால் பேரேட்டை முதலிலிருந்து சரிபார்க்க நேரலாம். மெதுவான வட்டில் அதற்குப் பல நாள்கள் ஆகும்.

இக்குறையை ஓரளவு நிரப்புவது, பிட்காயின் கோர் மென்பொருளுடன் வரும் ஒரு சிறு கோப்பு. லினக்ஸின் ‘சிஸ்டம்டி’ அதைப் படித்து, கணுவைப் பின்னணிப் பணியாக நடத்துகிறது. கணிப்பொறி உயிர்பெற்றதும் கணுவும் தானே எழும். பழுதால் விழுந்தால் மீண்டும் எழும். முழு அதிகாரமில்லாத தனிப் பயனர் பெயரில் அது இயங்குவதால், தீங்கு நேரினும் அது பரவும் வாய்ப்பு குறைகிறது. நிறுத்தும்போது மற்றப் பணிகளுக்குப் பொதுவாக 90 வினாடி தவணை; கணுவுக்கோ 600 வினாடி. கணக்கை வட்டில் எழுதி முடிக்கவே இந்தப் பத்து நிமிடம். அனுபவப்பட்டவர் எழுதிய வரி அது!

ஆனால் இத்தவணை, நிறுத்தப் போவதாக முன்கூட்டிச் சொன்னால்தான் பயன்படும். புயல் சொல்லிக்கொண்டு கம்பியை அறுப்பதில்லை. எனவே பத்து நிமிடம் தாங்குவதும், மின்வெட்டைக் கணிப்பொறிக்கு அறிவிப்பதுமான யு.பி.எஸ். இல்லாமல் நம் கடற்கரையில் கணு நடத்துவது அரைவேலைதான்.

இன்னொன்று. கட்டுரையில் கணுவே புதிய தொகுதியை ஆக்கி வெகுமதியும் பெறுகிறது. இன்றோ அது தனி எந்திரங்களின் தொழில். சரிபார்க்கும் கணுவுக்குக் கூலி கிடையாது. பிறர் சொல்லை நம்பாமல் தானே கணக்குப் பார்க்கும் உரிமையே அதன் ஊதியம். மாதந்தோறும் பணம் கொட்டும் என்று எவரேனும் சொன்னால் மாணவர்கள் ஏமாற வேண்டா.

மூலக் கட்டுரையை முதலிலும், அச்சிறு கோப்பை அடுத்தும் படியுங்கள். பழகுவதற்கு ‘ரெக்டெஸ்ட்’ என்னும் பயிற்சி முறை உண்டு; அதற்குப் பெரிய வட்டும் வேண்டா, இணையமும் வேண்டா. முன்னது கொள்கையைக் கற்பிக்கும். பின்னது அக்கொள்கை மின்சாரத்தை நம்பி வாழ்கிறது என்பதைக் கற்பிக்கும்.